விளக்கணைந்தால் காலுக்கு வரணும்

ஐப்பசி 5, புதன்

தேதியை முதலில் சொல்ல வேண்டும் என்றாள் மருமகள் கனி. சொல்லியாச்சு. இந்தப் பொத்தானை அமுக்கிக்கொண்டு பேசினால் போன் அதுவாகவே எழுதிக்கொள்ளுமாம். நடுவில் இருமினால் அதையும் எழுதுமா என்று கேட்டேன். சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

நான் கைநாட்டு. எழுதினதை எனக்குப் படிக்கவும் தெரியாது, அழிக்கவும் தெரியாது. பேசத் தெரியும். அது போதும் என்கிறாள்.

போன் என் மகன் வெயிலுமுத்துவுடையது. அவன் வளர்த்த நாய் ஒவ்வொன்றுக்கும் இதில் எழுதி வைத்திருக்கிறான். எந்தக் கிழமை கயிறு போட்டான், எந்த அமாவாசைக்கு முதல் முயலைத் தூக்கியது, எந்தப் புஞ்சையில் முள் குத்தியது, எல்லாம். போன ஆடிக்கு முந்தின ஆடியில் மஞ்சக்காமாலை வந்து ஒரே வாரத்தில் போய்விட்டான். அவன் வளர்த்த மயிலு போட்ட கடைசிக் குட்டிதான் சிட்டு. "அதுக்கு மட்டும் எழுதாம விட்டா நல்லாவா இருக்கு? நீங்க சொல்லுங்க மாமா, அது எழுதிக்கிடும்" என்று போனை என் கையில் வைத்தாள் மருமகள்.

சரி. சிட்டு கன்னி சாதி வேட்டை நாய். உடம்பு கறுப்பு, கால் நாலும் தேன் நிறம், புருவத்துக்கு மேலே ரெண்டு பொட்டு. வயிறு ஒட்டி, இடுப்பு ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிறது. தாயைப் போலவே வாய் திறக்காத குட்டி. விளக்கு வேட்டைக்குக் குரைக்கிற நாய் ஆகாது.

இன்றைக்கு விளக்கைக் காட்டினேன். நெற்றி விளக்கைத் தலையில் மாட்டி, தொழுவத்துத் தரையில் வெளிச்சம் வட்டமாக விழுகிற மாதிரி நின்று, அந்த வட்டத்துக்குள் கஞ்சிச் சட்டியை வைத்தேன். சிட்டு என் நெற்றியைத்தான் பார்த்தது. விளக்கைப் பார்க்கிற நாய்க்குக் கண் கூசிப் போகும், முயல் தெரியாது. வெளிச்சம் போய் விழுகிற இடத்தைப் பார்க்கப் பழக வேண்டும். பசி அதைப் பழக்கிவிடும்.

விளக்கு மங்கலாக இருக்கிறது. பேட்டரி போயிற்று போல. கனியிடம் சொன்னேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

பேட்டரி மாற்றினாள். இப்போதும் மங்கல்தான். கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டான்.

மழை. கரிசல் காலோடு அப்பிக்கொண்டு வருகிறது. காட்டுக்குப் போகவில்லை.

கனியின் அண்ணன் வந்திருந்தான். எட்டயபுரத்தில் ஒரு மாப்பிள்ளை. தங்கமாரியப்பன் என்று பேர், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். முதல் சம்சாரம் பிரசவத்தில் போய்விட்டாள். நல்ல பையன் என்கிறார்கள். தை மாதம் கோயிலில் வைத்து எளிமையாக முடித்துக்கொள்ளலாம் என்றான் அண்ணன்காரன். நான் சரி என்றேன். கனி அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை.

அவன் போன பிறகு வந்து உட்கார்ந்தாள். "நான் போயிட்டா நீங்க தனியா எப்பிடி மாமா இருப்பீக?" என்றாள்.

"ராத்திரி காட்டுல நாய் விடுறவனுக்குப் பகல்ல கஞ்சி குடிக்கத் தெரியாதாக்கும்" என்றேன்.

"நீங்க காட்டுக்குப் போயி ரெண்டு வருசமாச்சே."

"இந்தா, சிட்டைப் பழக்குறேன்ல."

அவளுக்கு வயது இருபத்தெட்டு. பிள்ளை இல்லை. கிழவனுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு இந்த வீட்டிலேயே நரைத்துப் போவதற்கா என் மகன் கட்டிக்கொண்டு வந்தான்? எனக்கு ஒரு குறையும் இல்லை என்று அவள் கண்ணால் பார்த்தால் போவாள். இல்லாவிட்டால் அசைய மாட்டாள். பிடிவாதக்காரி.

ஐப்பசி 20, வியாழன்

சிட்டு விளக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டது. வெயிலுமுத்து எப்பவோ பாடம் பண்ணி வைத்திருந்த முயல் தோலைக் கயிற்றில் கட்டி, கனி இழுத்துக்கொண்டு ஓடினாள். வெளிச்சம் போகிற பாதையிலேயே சிட்டு போய்த் தோலைக் கவ்வியது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கனி ஓடியதைப் பார்த்து, பக்கத்து வீட்டுச் சுப்பக்கா இதென்ன கூத்து என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இனி ரெண்டாவது பாடம். விளக்கணைந்தால் காலுக்கு வரணும். நாய் எதைத் துரத்திக்கொண்டிருந்தாலும், வாயில் எது இருந்தாலும், வெளிச்சம் போனால் விட்டுவிட்டுத் திரும்பி வந்து விளக்குக்காரன் காலில் உடம்பை உரசி நிற்க வேண்டும். ராத்திரியில் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது, விசில் அடிக்க முடியாது. சத்தம் கேட்டால் காட்டில் ஒன்றும் மிஞ்சாது. முயல் பிடிப்பது சட்டப்படி குற்றம், ஃபாரஸ்ட்காரர் காதுக்கும் சத்தம் போகும். நாய்க்கும் நமக்கும் நடுவில் இருக்கிற ஒரே பேச்சு அந்த விளக்குதான். இந்தப் பாடம் படியாத நாய் கிணற்றில் விழும், ரோட்டில் அடிபடும்.

நிலாவைச் சுற்றி வெள்ளை வட்டமாகக் கோட்டை கட்டியிருக்கிறது. நாளைக்கு நல்ல மழை இருக்கிறது என்று கனியிடம் சொன்னேன். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். "கோட்டையா மாமா? பளிச்சுன்னுல்ல இருக்கு" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வானம் பார்க்கத் தெரியவில்லை. தெருவிளக்கைச் சுற்றிக்கூடக் கோட்டை கட்டியிருக்கிறது, அவ்வளவு ஈரம் காற்றில்.

ஐப்பசி 21, வெள்ளி

மழை இல்லை.

ஐப்பசி 28, வெள்ளி

கல்தொட்டியை யாரோ நகட்டி வைத்திருக்கிறார்கள். முழங்காலில் சிராய்ப்பு.

கார்த்திகை 1, திங்கள்

துணி காயப் போடப் புதுக் கொடி கட்டியிருக்கிறாள் கனி. வாசல் நிலையிலிருந்து தொழுவம், தொழுவத்திலிருந்து அடிபம்பு, அங்கிருந்து கக்கூஸ் கதவு வரைக்கும், நல்ல நைலான் கயிறு. ஆனால் இடுப்பு உயரத்துக்குக் கட்டியிருக்கிறாள். சேலையைப் போட்டால் மண்ணில் புரளும் என்று ஏசினேன். "உசரக் கட்டினா கை எட்ட மாட்டேங்குது மாமா" என்றாள். என்னைவிட ஒரு சாண் உயரம் அவள். சோம்பேறித்தனம், வேறென்ன. போகிற இடத்தில் மாமியார் இல்லை என்பதால் தப்பித்தாள்.

சிட்டு இன்றைக்கு ஐந்து தடவையும் காலுக்கு வந்தது. விளக்கை அணைத்ததும் இருட்டில் ஒன்றும் தெரியாது. ஓடி வருகிற சத்தமும் கேட்காது, கன்னி அப்படி ஓடும். திடீரென்று முழங்காலுக்குக் கீழே ஒரு சூடு வந்து உரசும். அம்புட்டுதான். மயிலும் இடது காலில்தான் உரசும். அதன் தாய் ராணியும் அப்படித்தான். எழுபத்தேழாம் வருசம் புயலடித்த கார்த்திகையில் எங்க அப்பா விளக்குப் பிடித்த ராணியம்மா என்கிற பழைய நாய் மட்டும் வலது கால். இப்படி ஒவ்வொரு நாயும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நேற்று என்ன சாப்பிட்டேன் என்று கேட்டாலும் சொல்லுவேன்.

கார்த்திகை 5, வெள்ளி

சிட்டு முதல் முயலைத் தூக்கிவிட்டது.

நேற்று அமாவாசை. காட்டில் கைக்குக் கை தெரியாத இருட்டு. நானும் வருவேன் என்று கனி நின்றாள். தோள் வலிக்கிறது, விளக்கை நீ மாட்டிக்கொள் என்று கொடுத்தேன். கயிறு என் கையில். எனக்கு விளக்கு எதற்கு? இந்தக் காட்டில் எந்த வரப்பு எங்கே உடைந்திருக்கிறது, எந்தக் கிணற்றுக்குச் சுவர் இல்லை, எந்த உடைமரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று என் காலுக்குத் தெரியும்.

போகும்போது கண்ணைச் சொல்லிக்கொடுத்தேன். வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு உயிருக்கும் ஒரு நிறம். முயல் பக்கவாட்டில் படுத்திருக்கும், அதனால் ஒற்றைக் கண், தீக்கங்கு மாதிரி சிவப்பு. நரிக்கு ரெண்டு கண்ணும் தெரியும், மஞ்சளும் பச்சையுமாக. ஆடு என்றால் பச்சை. பக்கிக் குருவி கண்ணும் சிவப்புதான், ஆனால் கிட்டப் போனால் பறந்துவிடும். கண்ணின் நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணிய பிறகுதான் கயிறைத் தளர்த்த வேண்டும். நாய்க்கு அந்த வேலை இல்லை. அது விளக்குக்காரன் வேலை.

கனி கெட்டிக்காரி. ஒரு தடவை சொன்னதும் பிடித்துக்கொண்டாள். நான் கேட்பதற்கு முன்னாலேயே காதோடு சொல்லிக்கொண்டே வந்தாள். "பச்சை மாமா, ரெண்டு, பூனையா இருக்கும்." "இது சின்னதா மின்னுது, சிலந்தி." உளுந்தங்காட்டு ஓரத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "செவப்பு. ஒத்தைக் கண்ணு. வேப்பமரத்துக்கு நேரா."

தளர்த்தினேன். முயல் ரெண்டு தடவை வெட்டித் திரும்பியது, சிட்டும் திரும்பியது என்று கனி சொன்னாள். ஒரு சின்னக் கீச்சு கேட்டது. விளக்கை அணைக்கச் சொன்னேன். இருட்டில் நின்றோம். இடது காலில் வந்து உரசியது. வாயில் முயல் இருந்தது. விளக்கணைந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வர வேண்டும், இது முயலையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டது. கனி வரப்பில் உட்கார்ந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். வெயிலுமுத்து இருந்தால் இதைப் போனில் எப்படி எழுதியிருப்பானோ. எனக்கு அவ்வளவுதான் சொல்ல வருகிறது.

முதல் முயலின் ஈரல் நாய்க்கு. கொடுத்தோம்.

கார்த்திகை 17, புதன்

தீபம். மாப்பிள்ளையும் அவன் சித்தப்பாவும் வந்தார்கள். என் மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது இருந்த படபடப்பைவிட இன்றைக்கு அதிகம். நல்லதாக நாலு வார்த்தை பேச வேண்டுமே என்று, வெள்ளைச் சட்டை உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது மாப்பிள்ளை என்றேன். சித்தப்பாக்காரர் தொண்டையைச் செருமினார். பிறகு அவன், "ஆமா மாமா, தீபத்துக்குன்னு எடுத்தது" என்றான். மரியாதைப்பட்ட பையன். கனி காப்பித் தம்ளரை என் கையிலேயே கொண்டுவந்து வைத்தாள்.

எங்கள் வீட்டுப் பழக்கத்தை அவர்களிடம் சொன்னேன். எங்களில் பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் கூடவே ஒரு கன்னி நாயை அனுப்புவோம். கழுத்தில் மஞ்சள் கயிறு போட்டு, பெண் கையில் பிடித்துக் கொடுப்போம். போகிற வீட்டில் அவளுக்குப் பிறந்த வீட்டு உயிர் ஒன்று இருக்கட்டும் என்று. மருமகளுக்கு அனுப்பும் வழக்கம் கிடையாது. இவளுக்கு நான்தான் இப்போது தகப்பன். சிட்டு அவளோடு வரும் என்றேன். சித்தப்பாக்காரர் துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

அவர்கள் போன பிறகு கனி கேட்டாள், சிட்டையும் குடுத்துட்டு நீங்க என்ன பண்ணுவீக என்று. குட்டியா கிடைக்காது, இன்னொன்று வாங்கிப் பழக்குவேன் என்றேன்.

ஓட்டு மேலே விளக்கு வைத்திருந்தாள். ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் பெரிய பெரிய கோட்டை. இந்த வருசம் மழை விடாது போலிருக்கிறது.

மார்கழி 3, வியாழன்

கனி சேலை எடுக்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். சனிக்கிழமை வருவாள். சோறு, குழம்பு, தண்ணீர், மாத்திரை எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு, இடப் பக்கத்திலிருந்து என்னென்ன என்று ரெண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி.

நாளை அமாவாசை. அவள் வரும்போது முயல் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். தனியாகப் போய்ப் பிடித்தது என்று தெரிந்தால் அவளுக்கு மனசில் இருக்கிற கடைசிக் கல்லும் இறங்கிவிடும்.

மார்கழி 5, சனி

ஒன்று நடந்துவிட்டது.

நேற்று ராத்திரி நானும் சிட்டும் போனோம். விளக்கு என் தலையில். பனி. குளத்தங்கரைத் தரிசில் முயல் மேயும். வருசா வருசம் மேயும். ரொம்ப நேரம் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு ஒரு கண். ஒற்றைக் கண். அசையாமல் இருந்தது. சிவப்பாகத்தான் இருந்திருக்கும்.

கயிறைத் தளர்த்தினேன். சிட்டு போகவில்லை. முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது, மூச்சு என் கையில் பட்டது. முதுகில் தட்டினேன். அப்பவும் நின்றது. இன்னொரு தட்டு தட்டினேன். போனது.

கத்தியது முயல் இல்லை. அந்தத் தரிசில் சீனிக்கண்ணுவின் ஆட்டுக்கிடை இறங்கியிருக்கிறது. அது எனக்குத் தெரியாது. குட்டிகளைக் கவிழ்த்து மூடுகிற குடாப்புக்கு வெளியே ஒன்று தங்கிப் படுத்திருக்கிறது. பிறந்து சில நாள் ஆன வெள்ளாட்டுக் குட்டி. நான் விளக்கை அணைத்துவிட்டேன். உடனே வந்து காலில் உரசி நின்றது சிட்டு. அதற்குள் கிடை முழுக்க எழுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம், போங்க அண்ணாச்சி என்றார் சீனிக்கண்ணு. வீடு வந்து சேர்ந்தேன்.

மார்கழி 6, ஞாயிறு

கிடைக்குப் போனோம். ஊரில் நாலு பேர், கனி, நான், சிட்டு. கிடைக்குப் பெரியவரை எங்கள் பக்கம் கீதாரி என்போம். சீனிக்கண்ணு கீதாரியை எனக்கு முப்பது வருசமாகத் தெரியும். கோபப்படுகிற ஆள் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன் அண்ணாச்சி" என்றார். "நாய் தானா போச்சா, நீரு கை விட்டீரா?"

இங்கே இதுதான் கேள்வி. விளக்குக்காரன் கை விட்டுப் போன நாய் ஆட்டைப் பிடித்தால் குற்றம் கைக்குத்தான். குட்டிக்குக் குட்டி கொடுத்தால் தீர்ந்தது. நாய் தானாகக் கயிறை உருவிக்கொண்டு போயிருந்தால் அது ருசி கண்ட நாய். நாளைக்கு இன்னொரு கிடையில் ஏறும். அது ஊரில் இருக்கக் கூடாது. வளர்த்தவனே தன் கையால் முடித்துவிட வேண்டும்.

கனி என் பக்கத்தில் வந்து நின்றாள். "மாமா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அந்தக் குரலில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

யோசித்தேன். கை விட்டேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். ஆட்டுக்குப் பச்சைக் கண், முயலுக்குச் சிவப்புக் கண், காலமெல்லாம் விளக்குப் பிடித்த உமக்கா தெரியவில்லை என்று. அதற்கு நான் என்ன சொல்லுவேன்? கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது. கனி பக்கத்தில் நிற்கிறாள்.

"தானா போச்சு" என்றேன்.

சீனிக்கண்ணு சிட்டைத் தட்டிக் கொடுத்தார். "நல்ல நாயி" என்றார். எழுந்து போய்விட்டார்.

சிட்டு என் காலடியில் படுத்திருந்தது. என்ன நடக்கிறது என்று அதற்கு என்ன தெரியும்.

மார்கழி 7, திங்கள்

கொண்டுபோனேன். திரும்பி வந்தேன்.

மார்கழி 20, ஞாயிறு

கனி பேசுவதில்லை. கஞ்சி வைக்கிறாள், வெந்நீர் வைக்கிறாள், கேட்டால் பதில் சொல்லுகிறாள். நாய் மேல் அவ்வளவு பிரியம் அவளுக்கு. நாளாக ஆகச் சரியாகும்.

இன்றைக்குத்தான் வாய் திறந்தாள். "நீங்களும் எங்ககூட வந்துருங்க மாமா. அவுககிட்டயும் கேட்டுட்டேன். பட்டறைக்குப் பின்னால ஒரு ரூம்பு இருக்கு. கூட்டிட்டு வான்னுதான் சொல்றாக."

மருமகளுக்குக் கல்யாணம் பண்ணிவைத்துவிட்டு அவள் புருசன் வீட்டில் போய்த் தட்டு ஏந்தவா? நான் எதற்கு, எனக்கு என்ன குறை, கையும் காலும் நல்லாத்தானே இருக்கு என்றேன்.

"கையும் காலும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். எழுந்து போய்ப் பாத்திரம் விளக்கினாள். ரொம்ப நேரம் விளக்கினாள்.

தை 14, புதன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கழுகுமலையில் வைத்துத் தாலி கட்டினான். நாதஸ்வரம் இல்லை, கோயில் மணியே போதும் என்று சொல்லிவிட்டார்கள். கனி என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தாள் என்று சுப்பக்கா சொன்னாள். அரக்கு.

வேன் ஏறும்போது திரும்பி வந்தாள். "சிட்டு கயிறையாவது குடுங்க மாமா" என்றாள். என் இடுப்பில்தான் சுற்றி வைத்திருந்தேன், ஏன் என்று தெரியாது. அவிழ்த்துக் கொடுத்தேன். அதன் ஒரு முனையில் மஞ்சள் தடவிக் கையில் சுற்றிக்கொண்டாள் என்று சுப்பக்கா சொன்னாள். நாய் இல்லாத கயிறைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் புருசன் வீட்டுக்குப் போவதை இந்த ஊர் இன்றைக்குத்தான் பார்த்திருக்கும்.

போனை எடுத்துப் போ என்றேன். உங்ககிட்டயே இருக்கட்டும், உங்க மகன் போன்தானே, பேசிக்கிட்டே இருங்க என்றாள்.

தை 25, ஞாயிறு

கஞ்சி காய்ச்சினேன். குடித்தேன்.

மாசி 5, செவ்வாய்

அமாவாசை. இனி எல்லா நாளும் எனக்கு அதுதான். இதைச் சொல்லத் தெம்பு வர இத்தனை நாள் ஆயிற்று. வெளிச்சம் இருக்கிறது, இல்லை என்பது மட்டும் தெரிகிறது. மற்றது ஐப்பசியிலேயே போய்விட்டது. பேட்டரி நல்ல பேட்டரிதான். நிலாவைச் சுற்றிக் கோட்டை எதுவும் இல்லை. கல்தொட்டியை யாரும் நகட்டவில்லை. அதை நகட்ட நாலு ஆள் வேண்டும்.

அன்றைக்குச் சிட்டைக் கொண்டுபோனதையும் சொல்லிவிடுகிறேன். விளக்கைத் தலையில் மாட்டியதும் குதித்துக்கொண்டு வந்தது. வேட்டைக்குப் போகிறோம் என்று நினைத்திருக்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனேன். கறிச்சோறு. என்ன கலந்தேன் என்று சொல்ல மாட்டேன். சட்டியை வைத்தேன். வெளிச்ச வட்டத்துக்குள் வைத்தால்தானே சாப்பிடும், அப்படித்தானே பழக்கியிருக்கிறேன். வாய் வைத்த சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் தெரியாது, உருவம்கூடத் தெரியாது, ஆனாலும் பார்க்கக் கூடாது என்று விளக்கை அணைத்துவிட்டேன்.

இடது காலில் வந்து உரசி நின்றது.

விளக்கணைந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரணும். நான்தான் பழக்கினேன். அது நன்றாகப் படித்துக்கொண்டது.

அப்படியே கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். ஒரு வாய்தான் தின்றிருந்தது, புளியைக் கரைத்து ஊற்றிக் கக்க வைத்திருக்கலாம். கனியை நினைத்தேன். கழுத்தைத் தடவிக் கொடுத்தேன். மறுபடியும் விளக்கைப் போட்டேன். சட்டிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் அணைக்கவில்லை.

இன்றைக்குச் சாயங்காலம் கனி பேசினாள். தினமும் பேசுகிறாள். சாப்பிட்டீங்களா, சுப்பக்கா வந்தாளா என்று கேட்டுவிட்டு, வைக்கிற நேரத்தில் ஒன்று கேட்டாள்.

"கொடி அறுந்து கிறுந்து போகலியே மாமா?"

"நல்லா இருக்கு தாயி. துணி காயப் போடுறேன்."

"முனை தளர்ந்தா சுப்பக்காகிட்ட சொல்லி இறுக்கிக் கட்டச் சொல்லுங்க. அதப் பிடிச்சுக்கிட்டே போங்க."

வைத்துவிட்டாள். நான் வாசல் நிலையில் நின்றுகொண்டிருந்தேன். கை அந்தக் கயிற்றின் மேல்தான் இருந்தது. தை மாதத்திலிருந்து அதன் மேலேதான் இருக்கிறது. தொழுவத்துக்கு, பம்புக்கு, கக்கூசுக்கு. என் இடுப்பு உயரம். இந்த உயரத்தில் எவளாவது துணி காயப் போடுவாளா?

கார்த்திகை ஒன்றாம் தேதி கட்டியது. முதல் முயலுக்கு முன்னால். குட்டி சாவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால். காட்டில் என் காதோடு செவப்பு, பச்சை என்று சொல்லிக்கொண்டு வந்தாளே, அதற்கும் முன்னால். தெரிந்துகொண்டுதான் கட்டினாள். தெரிந்துகொண்டுதான் கல்யாணத்துக்குச் சரி என்றாள், என்னையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று. மாப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அவன் போட்டிருந்தது வெள்ளைச் சட்டையாக இருக்காது.

கிடையில் யோசித்துச் சொல்லுங்க என்றாளே. நான் சொல்லுவேன் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நாலு பேருக்கு முன்னால் என் வாயிலிருந்து வரட்டும் என்று நின்றிருக்கிறாள். நான் கை விட்டேன், எனக்குக் கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை. யாருக்குத் தெரியக் கூடாது என்று அந்த வார்த்தையை முழுங்கினேனோ அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அது தெரியாமல் போன ஒரே உயிர் சிட்டுதான். இல்லை, அதற்கும் தெரியும். தரிசில் திரும்பி என்னைப் பார்த்ததே.

கனி என்றைக்காவது இதை எடுத்துப் படிப்பாள். அழிக்க எனக்குத் தெரியாது. படித்தால் படிக்கட்டும். சிட்டு தானா போகல தாயி. நான்தான் கை விட்டேன். ரெண்டு தடவை தட்டி விட்டேன்.

தொழுவத்தில் உட்கார்ந்துதான் இதைப் பேசுகிறேன். சட்டி இருந்த இடம். நெற்றி விளக்கைப் போட்டேன். எனக்கு முன்னால் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் எரிய விட்டேன். பிறகு அணைத்தேன்.

இடது காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.